ஸ்ட்ரெய்ட்-புல் வேட்டை ரைபிள் வாங்குவது எப்படி: இரண்டாவது குண்டும் குறி தவறாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காட்டுப்பன்றி ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். மரங்களுக்கு நடுவே 15 மீட்டர் திறந்தவெளி கிடைத்தால், பன்றி கண்ணில் படுவது 2 விநாடிக்கும் குறைவு. அதற்குள் முதல் குண்டு போய், அது சரியான இடத்தில் படவில்லை என்று தெரிந்து, இரண்டாவதும் போயாக வேண்டும். காடு கலைத்து ஆடும் ஐரோப்பிய வேட்டையில் ஸ்ட்ரெய்ட்-புல் ரைபிள் இவ்வளவு பரவியதற்கு இதுதான் காரணம். வழக்கமான போல்ட் ரைபிளில், குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டான போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்-புல்லில் இழுத்துத் தள்ளினால் முடிந்தது.

வாங்க வருகிறவர்கள் பலரும் தவறான ஒன்றை அளக்கிறார்கள். கடையில் நின்றபடி போல்ட்டை எவ்வளவு வேகமாக ஆட்ட முடிகிறது என்று பார்க்கிறார்கள். அளக்க வேண்டியது, முதல் குண்டு வெடித்ததிலிருந்து இரண்டாவது குண்டு குறியில் படும்வரை ஆகும் நேரம். போல்ட் அதில் ஒரு பங்குதான். உதைப்பில் துள்ளிய குழல் இறங்க வேண்டும், தோளில் பதியும் கட்டையிலிருந்து விலகிய கன்னம் திரும்ப ஒட்ட வேண்டும், ஸ்கோப்பில் தொலைந்த விலங்கைக் கண் மறுபடி பிடிக்க வேண்டும். நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. அதனால் கீழே சொல்லும் வரிசையைக் குலைக்காதீர்கள். பிராண்டில் தொடங்கினால் பணம் வீணாகும்.

முதல் படி: எந்த வேட்டைக்கு, எந்தச் சட்டத்தின் கீழ்

ஜெர்மனியில் வேட்டையின்போது தானியங்கி மறுஏற்ற ரைபிளில் மொத்தம் 3 தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது. கையால் இயக்கும் ஸ்ட்ரெய்ட்-புல்லுக்கு அந்த வரம்பு இல்லை. பிரிட்டனில் 1988 சட்டத் திருத்தத்துக்குப் பின் சிறிய .22 ரிம்ஃபயர் தோட்டா வகை தவிர்த்த தானியங்கி மறுஏற்ற ரைபிள்களே தடை என்பதால், வேகம் வேண்டுமென்றால் ஸ்ட்ரெய்ட்-புல்தான் வழி. வெடிப்பின் அழுத்தத்தால் காலிக் கேஸ் (தோட்டாவின் உலோக உறை) தானாக வெளியேறி, பொத்தானையோ நெம்புகோலையோ அழுத்தினால் போல்ட் மூடும் வகையும் உண்டு. அதை ஸ்ட்ரெய்ட்-புல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிட்டன் அதை 2019 சட்டத்தில் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

தோட்டாவுக்கும் விதி உண்டு. ஜெர்மனியில் ரோ மான் என்ற சிறிய மானைவிடப் பெரிய குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும், 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றலும் தேவை. ஸ்வீடனில் மூஸ் (பெரிய வடநாட்டு மான்) போன்ற பெரிய விலங்குக்கு 9 கிராம் குண்டு என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல், 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2000 ஜூல். நீங்கள் உரிமம் வைத்திருக்கும் நாட்டின் விதியை எழுத்தில் படித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

மறைவிடத்தில் உட்கார்ந்து, நிற்கும் விலங்கை 150 மீட்டரில் சுடுவதுதான் உங்கள் வேட்டை என்றால், நல்ல சாதாரண போல்ட் ரைபிளே போதும். அதற்கு இரு மடங்கு செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: கன்னம் விலகாத கட்டை

மிக முக்கியமான படி இது. பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். வேட்டைக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டையும் கையுறையையும் கடைக்குப் போட்டுப் போங்கள். ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் பொதுவாக 36 செ.மீ.யை ஒட்டியே வரும். கோடைச் சட்டையில் கச்சிதமாக இருக்கும் கட்டை, குளிர்கால உடையில் 1 முதல் 1.5 செ.மீ. வரை நீளமாகிவிடும். பின்முனை அக்குளில் மாட்டும். மாட்டிய நொடியில் பன்றி போய்விடும்.

கண்களை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். கன்னம் இயல்பாக உட்கார்ந்ததும் கண்களைத் திறங்கள். ஸ்கோப் வட்டம் விளிம்பில் கறுப்பு இல்லாமல் முழுதாகத் தெரிய வேண்டும். பிறை போன்ற நிழல் கீழே தெரிந்தாலும் மேலே தெரிந்தாலும் கன்னத்தின் உயரம் பொருந்தவில்லை. கன்னப்பகுதியை உயர்த்த முடிகிற கட்டையைக் கேளுங்கள், அல்லது ஸ்கோப் மவுண்டின் உயரத்தை மாற்றுங்கள். கழுத்தை நீட்டியும் குறுக்கியும் சமாளிக்கப் பழகினால் முதல் குண்டு போகும், இரண்டாவது போகாது. உதைப்புக்குப் பின் தலை தன் இயல்பான இடத்துக்குத்தான் திரும்பும். சமாளித்த இடத்துக்குத் திரும்பாது.

அடுத்து, கன்னத்தை ஒட்டியபடியே போல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். பிளேஸர் ஆர்8 போன்ற வடிவங்களில் போல்ட் பிடியின் மேலாக, முகத்தை நோக்கித் திறந்தவெளியில் வரும். மூக்குக்கும் போல்ட்டுக்கும் இடையே இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் அறியாமலே ஒவ்வொரு தடவையும் தலையைப் பின்னிழுப்பீர்கள், கண் ஸ்கோப்பிலிருந்து விலகும். கட்டைவிரலைப் பிடியின்மேல் உயர்த்தி வைப்பவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெர்க்கல் ஹீலிக்ஸில் உடல் மூடியே இருக்கும், போல்ட் பின்னால் வெளிவராது. முகத்துக்கு நேரே எதுவும் வருவது பிடிக்காதவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

இடக்கையர்கள் இடக்கை வடிவத்தையே கேட்க வேண்டும். பெரெட்டா பிஆர்எக்ஸ்1-இல் கைப்பிடியையும் கேஸ் வெளியேறும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ரைபிளை இருவர் பயன்படுத்தும் வீட்டுக்கு அது உதவும்.

மூன்றாம் படி: பூட்டு எப்படி வேலை செய்கிறது

வெடிக்கும் நொடியில் போல்ட்டைக் குழலோடு பிணைத்து வைப்பது பூட்டு. கைப்பிடியைச் சுழற்றாமலே அது திறந்து மூட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

ஒன்று, விரியும் வளையம். பிளேஸர் 1993-இல் ஆர்93-இலும், 2008-இல் வந்த ஆர்8-இலும் இதைத்தான் வைத்தது. போல்ட் தலையைச் சுற்றியுள்ள பிளவுபட்ட வளையம் குடைபோல விரிந்து, குழலின் உள்ளே வெட்டிய பள்ளத்தில் சுற்றிலும் உட்காரும். பூட்டு நேரே குழலோடு சேர்வதால் ரைபிளின் உடல் வெடிப்பின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. அதனால்தான் அதை அலுமினியத்தில் செய்ய முடிகிறது, குழலை மாற்றவும் முடிகிறது.

இரண்டாவது, சுழலும் தலை. கைப்பிடி நேராக வந்தாலும் உள்ளே போல்ட் தலை மட்டும் சுழன்று, பற்கள் பூட்டிக்கொள்ளும். ஹீலிக்ஸில் 7 பற்கள், பிஆர்எக்ஸ்1-இல் 8. ஹீலிக்ஸில் பல்சக்கர அமைப்பு இருப்பதால் கை நகரும் தூரத்தைவிடப் போல்ட் தலை அதிக தூரம் நகரும். இழுப்பு சின்னதாகத் தோன்றும், ஆனால் அதே அளவுக்குச் சற்று இறுக்கமாகவும் இருக்கும். பிரவுனிங் மராலும் சுழலும் தலைதான், கூடவே ஒரு ஸ்பிரிங் உண்டு: இழுத்துவிட்டால் போல்ட் தானே முன்னால் போய் மூடும்.

மூன்றாவது, உருண்டைகள். ஹைம் எஸ்ஆர்30-உம் 2021-இல் வந்த சாவேஜ் இம்பல்ஸும் எஃகு உருண்டைகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பூட்டுகின்றன. இம்பல்ஸில் 6 உருண்டைகள். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பையத்லான் போட்டியாளர்கள் அன்ஷுட்ஸ் ரைபிளில் விரலால் இழுத்துக் கட்டைவிரலால் மூடும் ஃபோர்ட்னர் போல்ட்டும் இந்தக் குடும்பம்தான்.

தரமான தயாரிப்பில் மூன்றுமே பாதுகாப்பானவை. வேறுபாடு வேறொரு இடத்தில் இருக்கிறது. சாதாரண போல்ட்டில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவு கேஸைச் சற்றுப் பின்னே நெம்பிவிடும். குழலில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் ஒட்டிக்கொண்ட கேஸ் அதில் விடுபடும். ஸ்ட்ரெய்ட்-புல்லில் அந்த நெம்பு விசை மிகக் குறைவு. அழுக்கான சேம்பர், துரு, அளவுக்கு மீறிய அழுத்தம் கொண்ட தோட்டா, வீட்டில் மறுநிரப்பி அளவு சரியாகக் குறுக்காத கேஸ் என எதுவானாலும் போல்ட் முரண்டு பிடிக்கும். முதல் உலகப் போரில் கனடா படையின் ராஸ் என்ற ஸ்ட்ரெய்ட்-புல் ரைபிள் 1915-இல் பெல்ஜியத்தின் இப்ரெ சேற்றில் மாட்டிக்கொண்டது இப்படித்தான். 1916-இல் அதை லீ-என்ஃபீல்டு கொண்டு மாற்றினார்கள். அதே ராஸின் 1910 மாதிரியில் போல்ட்டைத் தப்பாகக் கோர்த்தால் பூட்டாமலே சுட முடிந்தது, போல்ட் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பறந்தது. இன்றைய ரைபிள்களில் அந்த ஆபத்து அடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கையேட்டில் சொன்னதற்கு மேல் போல்ட்டைப் பிரிக்க வேண்டாம். பூட்டு முழுதாக மூடாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது என்பதை விற்பவர் முன்னிலையில், காலி ரைபிளில், போல்ட்டை அரைகுறையாக மூடிச் சோதித்துப் பாருங்கள்.

நான்காம் படி: ஸ்பிரிங்கை ஏற்றுவதா, சேஃப்டியா

ஆர்8, ஹீலிக்ஸ் போன்றவற்றில் கட்டைவிரலால் ஒரு தட்டை முன்னே தள்ளினால்தான் சுடும் ஸ்பிரிங் ஏறும். அதுவரை சேம்பரில் தோட்டா இருந்தாலும் உள்ளே விசை ஏறாமல் கிடக்கும். கீழே விழுந்தாலும் மரத்தில் மோதினாலும் வெடிக்கக் காரணமில்லை. ஆட்கள் நடமாடும் கலைப்பு வேட்டையில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு குறை உண்டு: அந்த ஸ்பிரிங் வலுவானது. கையுறைக்குள் விறைத்துப்போன கட்டைவிரலால் சத்தமில்லாமல் தள்ள முடிகிறதா என்று கடையிலேயே பத்து முறை செய்து பாருங்கள். முடியவில்லையென்றால் மூன்று நிலை சேஃப்டி (சுடுவதைத் தடுக்கும் பூட்டு) உள்ள ரைபிளுக்குப் போங்கள்.

இரண்டாவது குண்டுக்குப் போல்ட்டை இயக்கும்போது ஸ்பிரிங் தானே மறுபடி ஏறிவிடும், தட்டைத் தொட வேண்டியதில்லை. ஆகவே சுட்டு முடித்ததும் ஸ்பிரிங்கை இறக்குவது உங்கள் வேலை. பரபரப்பில் மறப்பது இதைத்தான்.

ஆர்8-இல் ட்ரிகரும், தோட்டாக்களை வைக்கும் மேகசினும் ஒரே தொகுதியாகக் கழன்று வரும். பூட்டி வைக்க வசதி. ஆனால் அந்தத் தொகுதி வீட்டிலேயே தங்கிவிட்டால் காட்டில் ரைபிள் வெறும் கம்பு. தற்செயலாகக் கழலாமலிருக்க உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் மேலிருந்து தோட்டா நிரப்பிக்கொள்ளலாம். வேட்டை நாளில் அதைப் போட்டே வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: தோட்டா, எடை, குழல்

விரைவான இரண்டாவது குண்டு வேண்டுமென்றால் அதிக ஆற்றல் கொண்ட மேக்னம் தோட்டாவை மறந்துவிடுங்கள். கணக்கு எளிது. ஸ்கோப்போடு 3.8 கிலோ எடையுள்ள ரைபிளில் .308 வின்செஸ்டர் 10.7 கிராம் குண்டோடு சுமார் 20 ஜூல் உதைக்கும். அதே ரைபிளில் .300 வின்செஸ்டர் மேக்னம் 11.7 கிராம் குண்டோடு 36 ஜூலை ஒட்டி உதைக்கும். 50 மீட்டரில் பன்றிக்கு அந்தக் கூடுதல் ஆற்றலால் பயனில்லை, ஆனால் உங்கள் குழல் அத்தனை உயரம் துள்ளும். .308, .30-06, 8×57 ஐஎஸ் மூன்றில் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். 9.3×62 பன்றியையும் மூஸையும் நன்றாக வீழ்த்தும், அதன் உதைப்பு மெதுவாகத் தள்ளுவதுபோல இருக்கும். ஆனால் தோள் பழகியவருக்கே அது பொருந்தும்.

குழல் 50 முதல் 52 செ.மீ. போதும். சைலன்சர் மாட்டினால் நீளம் மேலும் 10 முதல் 20 செ.மீ. கூடும், குழல் முனையில் 300 முதல் 500 கிராம் ஏறும். சத்தமும் உதைப்பும் குறைவதால் இரண்டாவது குண்டுக்கு நல்லதுதான், ஆனால் ஓடும் விலங்கோடு சேர்ந்து குழலைத் திருப்புவது கனக்கும். சைலன்சர் மாட்டப் போகிறீர்கள் என்றால் அதை மாட்டியே ரைபிளைச் சோதியுங்கள். சமநிலைப் புள்ளி மேகசினுக்குச் சற்று முன்னால் விழுந்தால் சரி; பல விரல் அகலம் தாண்டி முன்னே போனால் குறுகிய சைலன்சர் தேடுங்கள்.

குழல் மாற்றும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், இரண்டாவது குழலை உண்மையில் வாங்குவீர்களா என்று யோசியுங்கள். மாற்றினால் ஒவ்வொரு முறையும் குறியைச் சரிபார்க்க வேண்டும். பையில் இரண்டு வகைத் தோட்டாக்களைக் கலக்கவே கூடாது: .308 தோட்டா .30-06 சேம்பருக்குள் தொளதொளவென்று போய்விடும், சுட்டால் கேஸ் பிளக்கும்.

ஆறாம் படி: ஸ்கோப்பா, சிவப்புப் புள்ளியா

1–6×24 போல, 1 மடங்கில் தொடங்கும் ஸ்கோப்புதான் பொதுவான விடை. 1 மடங்கில் 100 மீட்டரில் 35 முதல் 40 மீட்டர் அகலம் தெரியும், இரண்டு கண்களையும் திறந்தே சுடலாம். பகல் வெளிச்சத்திலும் தெரியும் ஒளிப்புள்ளி கட்டாயம். கலைப்பு வேட்டை மட்டுமே என்றால் சிவப்புப் புள்ளிக் கருவி இன்னும் வேகம். கண் சற்று விலகினாலும் புள்ளி தெரியும். எம்ஓஏ என்பது புள்ளியின் அளவைக் குறிக்கும் கோண அலகு: 2 எம்ஓஏ புள்ளி 100 மீட்டரில் 6 செ.மீ.யை மறைக்கும், 50 மீட்டரில் 3 செ.மீ. ஸ்கோப்பைப் பெரிதாக்கி வைத்துவிட்டு மறப்பதுதான் இங்கே வழக்கமான கோளாறு. நிற்குமிடத்துக்கு வந்ததும் 1-க்குத் திருப்பிவிடுங்கள்.

ஏழாம் படி: கடையில் செய்ய வேண்டிய சோதனை

ரைபிள் காலி என்று இருவர் கண்ணால் பார்த்த பிறகு, உலோகத்தில் செய்த 4 போலித் தோட்டாக்களைக் கேளுங்கள். மேகசினை நிரப்பி, ரைபிளைத் தோளில் வைத்தபடியே, கன்னத்தை எடுக்காமல் நான்கையும் ஏற்றி இறக்குங்கள். கைப்பிடியை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொக்கிபோல் பிடிக்க, நேரே தோளை நோக்கி இழுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் குழல் முனை வலப்பக்கம் சாயும்; ஸ்கோப்பில் புள்ளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். முன்னே தள்ளும்போது உள்ளங்கையால் அடித்து மூடுங்கள், மெல்ல வழிநடத்த வேண்டாம்.

என்ன தவறுகிறது என்பதைக் கவனியுங்கள். போலித் தோட்டா வெளியே விழாமல் உள்ளேயே கிடந்தால், அல்லது அடுத்த தோட்டாவைப் போல்ட் தாண்டிப்போனால், நீங்கள் முழுதாக இழுக்கவில்லை. முழுதாக இழுத்தும் அப்படி நடந்தால் ரைபிளிலோ மேகசினிலோ கோளாறு. ட்ரிகரை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால் போல்ட் கடைசி சில மில்லிமீட்டர் மூடவில்லை. ஸ்ட்ரெய்ட்-புல்லுக்குப் புதியவர்களிடம் மிக அதிகம் காணும் தவறு இந்தக் கடைசி ஒன்றுதான். பிறகு ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்தும், முனையைக் கீழ்நோக்கி வைத்தும் இதையே செய்யுங்கள். உயரமான மேடையிலிருந்து சரிவில் சுடும்போது ரைபிள் அப்படித்தான் இருக்கும்.

எட்டாம் படி: சுடுதளத்தில் நேரம் பார்ப்பது

முடிந்தால் இரண்டு ரைபிள்களை வாடகைக்கு எடுத்து ஒப்பிடுங்கள். 50 மீட்டரில் 20 செ.மீ. வட்டம், நின்றபடி, விரைவுச் சுடுதலை அனுமதிக்கும் தளத்தில். முதல் குண்டு, போல்ட், இரண்டாவது குண்டு. துணைக்கு வருபவர் இரண்டு வெடிகளுக்கும் இடையிலான நேரத்தைக் குறிக்கட்டும். இரண்டும் வட்டத்துக்குள் விழுந்த ஜோடிகளை மட்டும் கணக்கில் எடுங்கள், மற்றவை எவ்வளவு வேகமானாலும் பூஜ்யம். ஒவ்வொரு ரைபிளிலும் பத்து ஜோடி சுட்டால் எது உங்களுடையது என்று காகிதமே காட்டிவிடும். விலை கூடியதுதான் வெல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஓடும் குறிக்கு வரும்போது: 50 மீட்டரில் குண்டு சேர 0.065 விநாடி ஆகும், அதற்குள் பன்றி அரை மீட்டர் நகரும். இதயப் பகுதியிலிருந்து அரை மீட்டர் முன்னே என்றால் அது ஏறத்தாழ மூக்கு நுனி. குழலை நிறுத்தாமல் விலங்கோடு ஓட்டியபடியே சுட வேண்டும், போல்ட்டை இழுக்கும்போதும் குழல் ஓட்டம் நிற்கக் கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்பு, விலங்குக்குப் பின்னே குண்டைத் தாங்கும் மண் மேடு இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். முதல் குண்டுக்கு இருந்த மேடு 8 மீட்டர் தள்ளி இல்லாமல் போகலாம். அங்கே விரலை எடுத்துவிடுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்குப் போலித் தோட்டா போதும். உண்மைத் தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும்.

பழைய ரைபிள் வாங்குவதானால்

குழலும் போல்ட் தலையும் ஒரே தோட்டா வகைக்கு உரியவையா, சோதனை முத்திரை இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டின் முன் முகப்பில் ஊசித் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால் அதிக அழுத்தத் தோட்டா ஓடியிருக்கிறது; விட்டுவிடுங்கள். பூட்டின் இடைவெளியைத் துப்பாக்கித் தொழிலாளி அளவுகோல் போட்டுச் சோதித்துச் சான்று தரட்டும். குழல் மாற்றும் ரைபிளில் குழலைப் பிடிக்கும் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ அளவில்லாமல் இறுக்கியிருக்கிறார்கள்.

பராமரிப்பு

நெம்பு விசை குறைவு என்று மேலே சொன்னதால், சேம்பரைச் சுத்தமாகவும் உலர்ந்தும் வைப்பதே முதல் வேலை. ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் சேம்பர் பிரஷ் ஒரு முறை, பிறகு உலர்ந்த துணி. எண்ணெய் போல்ட் ஓடும் தடங்களில் விரல்நுனி அளவு மட்டும். கடுங்குளிரில் அதிக எண்ணெய் கெட்டியாகிப் போல்ட்டை மந்தமாக்கும். விரியும் வளையமோ உருண்டையோ உள்ள ரைபிளில் அவை உட்காரும் பள்ளத்தை மரக்குச்சியில் சுற்றிய துணியால் துடையுங்கள், அங்கே மணல் துகள் தங்கினால் கடைசி மில்லிமீட்டர் மூடாது. சைலன்சரை வீடு வந்ததும் கழற்றித் தனியே உலர விடுங்கள். மாட்டியே வைத்தால் உள்ளே தங்கும் ஈரம் ஒரே வாரத்தில் குழல் முனையையும் திருகுமரையையும் துருப்பிடிக்கச் செய்துவிடும்.